மாணவருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறது? சோலோ நிலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் பாடம் எடுப்பவர்கள் பேப்பர் திருத்தும் நாட்களில் கேட்கிற சந்தேகங்கள் இவை. ஸ்டாஃப் ரூமில் திரும்பத் திரும்ப இதே கேள்விகள்தான் வருகின்றன என்பதால் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் மேலிருந்து படிக்கலாம், மற்றவர்கள் 6இலிருந்து படித்தாலே போதும்.

1. சோலோன்னா என்ன சார்? ப்ளூம் மாதிரி இன்னொரு பட்டியலா?

பட்டியல்தான், ஆனால் வேறு வேலைக்கானது (ப்ளூம் பற்றி 3இல் சொல்கிறேன்). ஜான் பிக்ஸ், கெவின் காலிஸ் என்று ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்த இரண்டு கல்வியாளர்கள் 1982இல் வெளியிட்டது. முழுப் பெயர் ஸ்ட்ரக்சர் ஆஃப் அப்சர்வ்டு லேர்னிங் அவுட்கம், அதாவது வெளியே தெரியும் கற்றல் விளைவின் கட்டமைப்பு. மாணவர் எழுதிய பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்து ஐந்து நிலைகளில் ஒன்றில் வைப்பது, அவ்வளவுதான். முதலில் வரலாறு, கணக்கு, புவியியல் என்று பள்ளிப் பாடங்களில் பிள்ளைகள் எழுதிய பதில்களை வைத்துத்தான் உருவாக்கினார்கள். பிறகு பிக்ஸே அதைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். இன்று அதிகம் புழங்குவது அங்கேதான்.

2. அந்த அஞ்சு நிலையை ஒரு உதாரணத்தோட சொல்லுங்க, தியரி வேண்டாம்.

சரி. சுற்றுச்சூழல் பாடத்தில் ஒரு கேள்வி: 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது ஏன்? ஒருவர் எழுதுகிறார், "வெள்ளம் அதிகமாக வந்ததால் சென்னை மூழ்கியது." கேள்வியையே திருப்பிப் போட்டிருக்கிறார், உள்ளே ஒன்றுமில்லை. இது ப்ரீஸ்ட்ரக்சுரல். இன்னொருவர், "அளவுக்கு மீறி மழை பெய்தது" என்கிறார். சரியான ஒரு காரணம், அதோடு நின்றுவிட்டது. இது யூனிஸ்ட்ரக்சுரல். மூன்றாமவர் கனமழை, செம்பரம்பாக்கம் ஏரி திறப்பு, அடையாற்றங்கரை ஆக்கிரமிப்பு, பள்ளிக்கரணை சதுப்புநிலம் சுருங்கியது, வடிகால் போதாதது என்று ஐந்து துணைத்தலைப்பு போட்டு, ஒவ்வொன்றுக்கும் அடிக்கோடிட்டு, நான்கு நான்கு வரி எழுதுகிறார். எல்லாம் சரி. ஆனால் எதுவும் எதோடும் பேசவில்லை. இது மல்டிஸ்ட்ரக்சுரல்.

நான்காமவர் இதே விஷயங்களைத்தான் சொல்கிறார், ஆனால் இப்படி: நவம்பர் மழையிலேயே ஏரிகள் நிரம்பி மண்ணும் ஊறியிருந்தது, அதனால் டிசம்பர் 1 மழையைத் தேக்க இடமில்லை, செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறக்க வேண்டி வந்தது, அந்தத் தண்ணீரும் ஏரிக்குக் கீழே பெய்த மழையும் ஒரே நேரத்தில் அடையாற்றில் சேர்ந்தன, கரையில் கட்டடங்கள் இருந்ததால் ஆறு அகல வழியில்லை, எனவே ஊருக்குள் புகுந்தது. ஒரு காரணம் அடுத்ததை இழுத்துக்கொண்டு வருகிறது பாருங்கள், இது ரிலேஷனல். ஐந்தாமவர் இதற்கு மேலே ஒரு படி போய், குடிநீருக்காக ஏரியை நிரப்பிவைப்பதும் வெள்ளத்தைத் தாங்க ஏரியில் இடம் விட்டுவைப்பதும் ஒன்றுக்கொன்று முரணான தேவைகள், இரண்டுக்கும் ஒரே நீர்த்தேக்கத்தை நம்பியிருக்கும் எந்த ஊருக்கும் இந்தச் சிக்கல் வரும், 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் அணைகள் நிரம்பிக் கிடந்தபோதுதான் பெருமழை வந்தது, அங்கேயும் இந்த விளக்கம் பொருந்துமா என்று பார்க்கலாம் என்கிறார். கேட்ட கேள்வியைத் தாண்டி ஒரு பொதுவான கருத்துக்குப் போய், அதை வேறு இடத்தில் சோதித்தும் பார்க்கிறார். இதுதான் எக்ஸ்டெண்டட் அப்ஸ்ட்ராக்ட்.

முதல் மூன்று நிலைகளில் ஏறுவது எண்ணிக்கை. நான்காவதில்தான் ஜாதி மாறுகிறது. ஒரு நிலையைக் கடப்பதில் உண்மையான கஷ்டம் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்தான் இருக்கிறது, நம் பேப்பர்களில் பெரும்பாலானவை அங்கேதான் மாட்டிக்கொண்டு நிற்கின்றன என்பது என் கணிப்பு.

3. கொஸ்டின் பேப்பர்ல கே1, கே2ன்னு ஏற்கெனவே போட்டுத் தர்றோமே, இது எதுக்கு எக்ஸ்ட்ரா?

கே1 முதல் கே6 வரை என்பது ப்ளூம் வகைப்பாடு. 1948இல் அமெரிக்காவில் பல்கலைக்கழகத் தேர்வாளர்கள் கூடிப் பேசியதில் ஆரம்பித்து 1956இல் வெளிவந்தது. நாம் இப்போது போடும் நினைவுகூர், புரிந்துகொள், பயன்படுத்து, பகுத்தாய், மதிப்பிடு, உருவாக்கு என்ற வரிசை 2001இல் திருத்தியது. அது கற்பித்தல் நோக்கங்களையும் கேள்விகளையும் வகைப்படுத்த வந்த கருவி. கேள்வி என்ன கேட்கிறது என்பதை அது சொல்லும். பதிலில் என்ன வந்தது என்பதை அது சொல்லாது.

கே4 என்று போட்ட கேள்விக்கு 60 பேர் பதில் எழுதினால் 60 பேரும் பகுத்தாய்ந்துவிட்டார்கள் என்று நாம் எக்செல்லில் ஏற்றி, அட்டெயின்மெண்ட் (கற்றல் நோக்கம் எவ்வளவு எட்டப்பட்டது என்ற) கணக்குப் போட்டு, ஃபைலில் வைத்துவிடுகிறோம். அந்த 60 பதிலில் 45 வெறும் பட்டியலாக இருக்கலாம். அதை யாரும் பார்ப்பதில்லை. சோலோ தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

4. "ஒப்பிடுக", "ஆராய்க"ன்னு கேட்டா பதில் தானா மேல போயிடாதா?

போகாது. "டிசிபி, யுடிபி ஒப்பிடுக" என்று கேட்டுப் பாருங்கள் (நெட்வொர்க்கில் தகவல் அனுப்பும் இரண்டு முறைகள் இவை). நடுவில் ஒரு கோடு, இந்தப் பக்கம் ஆறு பாயிண்ட், அந்தப் பக்கம் ஆறு பாயிண்ட். வகுப்பில் கொடுத்த அட்டவணைதான். வினைச்சொல் ஒப்பீடு, பதில் மல்டிஸ்ட்ரக்சுரல். அதே பாடத்தில், "வீடியோ காலுக்கு யுடிபி, பணம் அனுப்ப டிசிபி என்று தேர்ந்தெடுப்பது ஏன்? மாற்றிப் பயன்படுத்தினால் என்ன ஆகும்?" என்று கேட்டால், தொலைந்த பாக்கெட்டை (தகவல் துண்டை) டிசிபி திரும்ப அனுப்புவதால் தாமதம் வரும், தாமதத்தைத் தாங்குமா இல்லையா என்பது எந்த வேலை என்பதைப் பொறுத்தது என்று கோக்காமல் பதில் சொல்ல முடியாது. கேள்வியில் ஒரு சூழ்நிலை இருந்தால் தொடர்புபடுத்த வழி பிறக்கிறது. வினைச்சொல்லை மட்டும் மாற்றுவது பெயின்ட் அடிக்கிற வேலை.

5. நிறைய எழுதியிருந்தா நிறைய புரிஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்? மல்டியையும் ரிலேஷனலையும் எப்படிப் பிரிக்கிறது?

ஐந்து பக்கம் எழுதிய மல்டிஸ்ட்ரக்சுரல் பதிலும் உண்டு, எட்டு வரியில் முடிந்த ரிலேஷனல் பதிலும் உண்டு. மளிகை லிஸ்ட் எவ்வளவு நீண்டாலும் சமையல் குறிப்பு ஆகாது.

பிரிக்க எனக்குக் கைகொடுக்கும் சோதனை ஒன்று: பத்திகளை மனசுக்குள் இடம் மாற்றிப் பாருங்கள். மூன்றாவதை முதலில் வைத்தாலும் பதில் கெடவில்லை என்றால் மல்டி. ஏதோ ஒன்று அறுந்துபோனால் ரிலேஷனல். "எனவே", "இதன் விளைவாக" போன்ற சொற்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் ஏமாந்துபோவோம், அவற்றை அலங்காரத்துக்குப் போடும் மாணவர்கள் ஏராளம். "எனவே"க்கு முன்னால் இருப்பதை எடுத்துவிட்டுப் படியுங்கள். பின்னால் இருப்பது அப்படியே நின்றால் அந்த "எனவே" சும்மா வந்தது.

6. அப்போ இவன் மல்டி ஸ்டூடண்ட், அவ ரிலேஷனல் ஸ்டூடண்ட்னு லிஸ்ட் போட்டுடலாமா? மெண்டரிங்குக்கு உதவுமே.

தயவுசெய்து வேண்டாம். சோலோ பிறந்ததே இதைத் தவிர்க்கத்தான். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே சொன்ன வளர்ச்சிப் படிகளின்படி ஒரு வயதுப் பிள்ளை ஒரு படியில் இருக்க வேண்டும். ஆனால் பிக்ஸும் காலிஸும் பார்த்தது வேறு. ஒரே பிள்ளை கணக்கில் ஒரு படியிலும் புவியியலில் இன்னொரு படியிலும் இருந்தது, அதே பாடத்திலேயே வேறொரு நாளில் வேறு மாதிரி எழுதியது. அதனால் பிள்ளைக்கு லேபிள் ஒட்டுவதை விட்டுவிட்டு, இந்தக் கேள்விக்கு இந்த நாளில் வந்த இந்தப் பதிலுக்கு மட்டும் நிலை சொல்வது என்று முடிவு செய்தார்கள்.

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள் என்று சொல்வேன். நிலை என்பது பதிலுக்கு. நேற்று சர்க்யூட்ஸில் பட்டியல் எழுதிய பெண் இன்று கிரிக்கெட்டில் டக்வொர்த் லூயிஸ் (மழையால் தடைபட்ட ஆட்டத்துக்கு இலக்கு கணக்கிடும் முறை) ஏன் அப்படி வேலை செய்கிறது என்று கேண்டீனில் ரிலேஷனலாக விளக்கிக்கொண்டிருப்பார். மெண்டரிங் ஃபைலில் எழுதியே ஆக வேண்டும் என்றால், "மூன்றாம் யூனிட்டில் இந்தக் கேள்விக்கு எழுதியது மல்டி நிலையில் இருந்தது" என்று எழுதுங்கள். அதைப் படிக்கிற அடுத்த ஆசிரியருக்கு அதில் ஏதாவது செய்ய முடியும்.

7. இதெல்லாம் எஸ்ஸே எழுதற சப்ஜெக்ட்டுக்கு சரி. எங்க கம்ப்யூட்டர் சயின்ஸ்ல, மேத்ஸ்ல எப்படி?

கம்ப்யூட்டர் சயின்ஸில் மிக நன்றாகவே ஓடுகிறது. ரேமண்ட் லிஸ்டரும் கூட இருந்தவர்களும் 2006இல் செய்த ஆய்வு ஒன்று இத்துறையில் பிரபலம். ஒரு சின்ன ப்ரோகிராம் கோடைக் கொடுத்து, இது என்ன செய்கிறது என்று சாதாரண மொழியில் சொல்லச் சொன்னார்கள். கோடு இதுதான்: ஒரு மாறியில் முதலில் உண்மை என்று வைக்கிறது, பிறகு அரேயில் (எண்களின் வரிசையில்) பக்கத்துப் பக்கத்து எண்களை லூப் வைத்து ஒப்பிடுகிறது, முந்தைய எண் பெரிதாக இருந்தால் மாறியைப் பொய் ஆக்குகிறது. பல மாணவர்கள், நான் இப்போது சொன்ன மாதிரியே வரி வரியாகச் சொன்னார்கள். தவறே இல்லை, ஆனால் மல்டி. ஆசிரியர்களிடம் கேட்டபோது பெரும்பாலானவர்கள், "அரே ஏறுவரிசையில் இருக்கிறதா என்று பார்க்கிறது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அது ரிலேஷனல். லேபில் இதை நாளைக்கே செய்துபார்க்கலாம், செலவு ஒரு துண்டுப் பேப்பர்.

கணிதம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். டென்மார்க்கில் கிளாஸ் பிரபிராண்ட், பெட்டினா டால் இருவரும் இரண்டு பல்கலைக்கழகங்களின் அறிவியல் பாடத்திட்டங்களை சோலோ வைத்து அலசி 2009இல் வெளியிட்டார்கள். இளநிலையிலிருந்து முதுநிலைக்குப் போகும்போது நிலை உயர்கிறதா என்பதுதான் கேள்வி. பொதுவாகக் கருவி வேலை செய்தது, கணிதத்தில் சரியாகப் பொருந்தவில்லை. காரணம் புரிகிறது அல்லவா? முதலாண்டிலும் "நிரூபி", கடைசியாண்டிலும் "நிரூபி". ஏறுவது உள்ளடக்கம், வினைச்சொல் மாறுவதில்லை. அதனால் கணிதத்தில் முழு நிரூபணத்தை நிலை பிரிக்க முயலாமல், "இந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் எந்த வரி உடையும்?" என்று ஒரு துணைக்கேள்வி கேட்டு அதன் பதிலை நிலை பிரிப்பது நல்லது. மனப்பாடமாக எழுதியவருக்கு எந்த வரி என்று தெரியாது.

8. கடைசியில மார்க்தானே போடணும்? நிலையை மார்க்கா எப்படி மாத்துறது?

13 மார்க் கேள்வி என்று வைத்துக்கொள்வோம். நம் வழக்கமான கீ (திருத்துவதற்கான விடைக்குறிப்பு) எப்படி இருக்கும்? படம் 3, விளக்கம் 6, நன்மை 2, தீமை 2. இந்த கீயே மல்டிஸ்ட்ரக்சுரல் பதிலைத்தான் கேட்கிறது. துண்டு துண்டாக மார்க் வைத்துவிட்டு, ஏன் சார் பசங்க துண்டு துண்டா எழுதறாங்க என்று நாமே கேட்கிறோம்.

நான் செய்வது: முதலில் முழுப் பதிலையும் படித்து நிலையை முடிவு செய்து, அந்த நிலைக்குரிய பட்டையில் மார்க் போடுவது. ஒற்றைக் காரணம் என்றால் 2 முதல் 4, பட்டியல் என்றால் 5 முதல் 8, கோத்திருந்தால் 9 முதல் 11, அதற்கு மேல் 12, 13. பட்டைக்குள் மேலா கீழா என்பதைத் தகவல் சரியா, படம் தெளிவா, சொல்ல வந்தது முழுசா என்பவற்றை வைத்துத் தீர்மானிக்கலாம். எண்கள் என் வசதிக்கு வைத்தவை, உங்கள் துறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பட்டியல் எழுதியவரும் பாஸ் ஆகிறார் என்பதைக் கவனியுங்கள், யாரையும் அரியரில் தள்ளுவதற்கான ஏற்பாடு இல்லை இது. ஆனால் எத்தனை பாயிண்ட் சேர்த்தாலும் பட்டியல் 8ஐத் தாண்டாது.

இரண்டு மார்க் கேள்விகளில் இதெல்லாம் தேவையில்லை. அங்கே ஒற்றைப் புள்ளிதான் கேட்கிறோம், வந்தால் மார்க்.

9. தப்பான தகவலை அழகா கோத்து எழுதினா? அது ரிலேஷனலா?

கட்டமைப்பு ரிலேஷனல்தான், பதில் தவறு. இரண்டும் வேறு வேறு அளவுகள். 2ஆம் கேள்வியின் உதாரணத்தில், ஏரி திறந்தது மழைக்கு முந்தைய வாரம் என்று நினைத்துக்கொண்டு அதன்மேல் ஒழுங்காக ஒரு காரணத்தொடர் கட்டினால், சிந்தனை ஓடுகிறது, அடித்தளம் கோணல். இவருக்குத் தகவலைத் திருத்திக் கொடுத்தால் அடுத்த முறை சரியாக எழுதிவிடுவார். ஐந்து சரியான பாயிண்ட்டைப் பட்டியல் போட்டவருக்கு என்ன கொடுப்பது என்பதுதான் கடினம்.

மார்க் விஷயத்தில், தவறு சின்னதென்றால் பட்டையின் அடியில் வையுங்கள். தொடர் முழுக்க அந்தத் தவறின் மேல் நின்றால் ஒரு பட்டை இறக்குங்கள். பாலம் கட்டுகிறவர், மருந்து கொடுக்கிறவர் படிக்கும் பாடங்களில் இதைவிடக் கறாராக இருக்க வேண்டும், அங்கே கட்டமைப்புக்காக மார்க் தருவதில் எனக்கு உடன்பாடில்லை.

10. நம்ம நோட்ஸ்லயே ரிலேஷனலா எழுதிக் கொடுத்துட்டோம், அதை மனப்பாடம் பண்ணி எழுதிட்டான். இப்போ?

இந்தக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. கோத்த கயிறு நம்முடையது, மாணவர் அதைச் சுமந்து வந்தார், அவ்வளவுதான். பேப்பரை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, சோலோவின் எல்லை அது. கேள்வி தாளில் வரும் நேரத்தில் பதில் ஏற்கெனவே நோட்ஸில் இருந்தால், எந்த வகைப்பாடும் நினைவாற்றலைத்தான் அளக்கும்.

வழி, வகுப்பில் பேசாத ஒன்றைக் கேட்பது. 2015 வெள்ளத்தைப் பாடமாக நடத்தினீர்களா? தேர்வில், "2019 கோடையில் அதே செம்பரம்பாக்கம் வறண்டது. நான்கு ஆண்டுக்கு முன் ஊரை மூழ்கடித்த ஏரி வறண்டதற்கும், வெள்ளத்துக்குச் சொன்ன காரணங்களுக்கும் சம்பந்தம் உண்டா?" என்று கேளுங்கள். தகவல் முழுக்க கேள்வியிலேயே கொடுத்துவிடலாம், சிலபஸுக்கு வெளியே என்று புகார் வராது. சதுப்புநிலமும் ஏரிகளும் சுருங்கினால் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்க இடமில்லை, கோடையில் எடுக்கத் தண்ணீரில்லை என்று யாராவது தானாக இணைத்தால் அது அவருடைய சொந்த வேலை.

சாட்ஜிபிடி வைத்து எழுதிய அசைன்மென்டுக்கும் இதே பதில்தான், அங்கே சிக்கல் இன்னும் பெரிது. அந்தக் கருவிகள் எழுதுவது எப்போதும் ரிலேஷனல் போலவே ஒலிக்கும். வீட்டில் செய்துவரும் வேலையை நிலை பிரித்து மார்க் போடுவதை நான் விட்டுவிட்டேன். எழுதி வரட்டும், எதிரில் உட்காரவைத்து மூன்று நிமிடம் பேசினால் போதும்.

11. தமிழ் மீடியத்துல இருந்து வந்த பையன். புரிஞ்சிருக்கு, இங்கிலீஷ்ல கோத்து எழுத வரலை. அவனுக்கு மல்டின்னு போடறது நியாயமா?

நியாயமில்லை, ஆனால் பேப்பரில் இருப்பது மல்டிதான். 6ஆம் கேள்வியை இங்கே நினைவில் வையுங்கள்: நாம் அளப்பது வெளியே வந்த பதிலை. உள்ளே இருக்கும் புரிதல் அதைவிடப் பெரிதாக இருக்கலாம். காரணத்தைச் சொல்லத் துணைவாக்கியம் வேண்டும், நிபந்தனை வாக்கியம் வேண்டும். பாயிண்ட் பாயிண்ட்டாக எழுத இதெல்லாம் வேண்டாம். ஆங்கிலம் கைவராதவர் பட்டியலுக்குள் ஒதுங்குவதற்குக் காரணம் பல நேரம் இதுதான்.

இன்டர்னலில் உங்கள் கையில் அதிகாரம் இருக்கிறது. அம்புக்குறி போட்ட படமாக வரையச் சொல்லுங்கள், எது எதற்குக் காரணம் என்று அம்பே காட்டிவிடும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பேப்பரில் பட்டியல், பேச்சில் ரிலேஷனல் என்று தெரிந்துவிட்டால், அவருக்குத் தேவை பாடத்தில் உதவி இல்லை, எழுத்தில் உதவி என்பது தெளிவாகிவிடும். செமஸ்டர் பேப்பர் யாரோ முகம் தெரியாதவர் திருத்துவது, அங்கே நம்மால் எதுவும் செய்ய முடியாது.

12. எல்லாப் பாடத்துலயும் அஞ்சாவது நிலையை எதிர்பார்க்கணுமா?

வேண்டாம். முதல் செமஸ்டர் பட்டறைப் பாடத்தில் எக்ஸ்டெண்டட் அப்ஸ்ட்ராக்ட் கேட்பது அபத்தம். ஒரு துறையின் சொற்களும் அடிப்படைத் தகவல்களும் கையில் இல்லாமல் எதைக் கோப்பது? அதற்கு யூனி, மல்டி நிலைகள் அவசியம், அவற்றை மட்டமாகப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் இறுதியாண்டு ப்ராஜெக்டிலும் பட்டியல்தான் வருகிறது என்றால் நடுவில் எங்கோ நின்றுபோய்விட்டது.

13. ரெண்டு பேர் திருத்தினா ரெண்டு நிலை வருதே, இது எவ்வளவு நம்பகம்?

வரும். குறிப்பாக மல்டிக்கும் ரிலேஷனலுக்கும் நடுவில் நிற்கும் பதில்களில், மூன்று பாயிண்ட் கோத்திருக்கும், இரண்டு தனியாகக் கிடக்கும். இந்த மாதிரியானவற்றுக்கு "மாறிக்கொண்டிருப்பது" என்று ஒரு இடைநிலை வைத்துக்கொள்வது உண்டு, தாராளமாக வைக்கலாம். இன்னொரு காரணம், திருத்துபவருக்குப் பாடம் அதிகம் தெரிந்திருந்தால் மாணவர் எழுதாத தொடர்பையும் அவரே மனதில் போட்டுப் படித்துவிடுவார். அவருடைய ரிலேஷனல் பதிலை மாணவர் கணக்கில் வரவு வைப்பதுதான் இது. சீனியர்களிடம் இதை அதிகம் பார்க்கிறேன்.

14. என்பிஏ டீம் வந்தா இதை ஒத்துக்குவாங்களா? எச்ஓடி ப்ளூம் மட்டும்தான் வேணும்னு சொல்றார்.

2014இல் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில் (பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்பதற்கானது) நிரந்தர உறுப்பினரான பிறகு, என்பிஏ எனும் தேசிய அங்கீகார வாரியத்தின் அங்கீகாரம் கேட்கும் பொறியியல் கல்லூரிகளில் விளைவு சார்ந்த கல்வி என்பது கட்டாயமாகிவிட்டது. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇ 2018இல் வெளியிட்ட தேர்வுச் சீர்திருத்தக் கொள்கையும் ப்ளூமைத்தான் கையாள்கிறது. எனவே கொஸ்டின் பேப்பரில் கே நிலைகள் இருக்கட்டும், எச்ஓடியோடு (துறைத்தலைவரோடு) சண்டை வேண்டாம். சோலோவை ரூப்ரிக்கில் (மார்க் போடும் அளவுகோலில்) வையுங்கள். கேள்விக்கு ஒன்று, பதிலுக்கு ஒன்று, இரண்டும் மோதாது. சிஓ (பாடத்துக்குரிய கற்றல் விளைவு) அட்டெயின்மெண்ட்டை நிரூபிக்க என்ன சான்று என்று குழு கேட்டால், எக்செல் சதவீதத்தைவிட, ஒரே கேள்விக்கு வந்த நான்கு நிலைப் பதில்களின் நகல் நன்றாகப் பேசும்.

15. எல்லாம் சரி, கையில 60 பேப்பர், நாளைக்கு மார்க் என்ட்ரி. நடக்கிற காரியமா?

60க்கும் எல்லாக் கேள்விக்கும் செய்யாதீர்கள், முடியாது. ஒரே ஒரு பெரிய கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். முதலில் பத்துப் பேப்பரில் அந்தப் பதிலை மட்டும் மார்க் போடாமல் படித்து, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு மாதிரிப் பதிலைத் தனியே எடுத்துவையுங்கள். அப்புறம் மற்றவற்றை அந்த மாதிரிகளோடு ஒப்பிட்டால் வேகமாகப் போகும், பத்தி இடமாற்றும் சோதனை (கேள்வி 5) நடுவில் நிற்பவற்றுக்கு மட்டும். பேப்பர் திருப்பிக் கொடுக்கும் வகுப்பில் அந்த மாதிரிகளைப் பெயர் மறைத்து போர்டில் போட்டு, 8 வாங்கிய பதிலுக்கும் 10 வாங்கிய பதிலுக்கும் என்ன வித்தியாசம் என்று மாணவர்களையே கேளுங்கள். பாயிண்ட் எண்ணிக்கை ஒன்றுதான் என்று முதலில் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.